கீமோவால வர்ற அனீமியா: டி64.81 ஃபர்ஸ்ட்டா, கேன்சர் கோடு ஃபர்ஸ்ட்டா? க்யூஏ எரர் போட்டுட்டாங்க

திருச்சி_கோடர்

எல்லாருக்கும் வணக்கம். மெடிக்கல் கோடிங்ல, அதாவது டாக்டர் எழுதின நோய் பேர இன்சூரன்ஸ் க்ளெய்முக்காக ஐசிடி-10-சிஎம் கோடா மாத்தற வேலைல, சேர்ந்து எட்டு மாசம் ஆகுது, போன வாரம்தான் ஆன்காலஜி (கேன்சர்) அவுட்பேஷன்ட் சார்ட்டுக்கு மாத்திருக்காங்க, யுஎஸ் கிளையன்ட். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கீழ டின்னு இருந்தா டெல்லி டி, டீன்னு இருந்தா டைகர் டீ, தமிழ்ல டைப் பண்ணா ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது. பேஷன்ட் அடையாளம் எதுவும் போடல.

ஒரு அம்மாவுக்கு இடது மார்புல கேன்சர், டாக்ஸோரூபிசின் சைக்ளோபாஸ்ஃபமைடு கீமோ மூணு சைக்கிள் முடிஞ்சிருக்கு, ஹீமோகுளோபின் 6.9. கார் நிறுத்தின இடத்துலருந்து வாசல் வரைக்கும் வர்றதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்துட்டாங்கன்னு நர்ஸ் நோட்ல இருக்கு, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. அன்னைக்கு கீமோ கிடையாது, ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்திக்க மட்டும்தான் வந்தாங்க, டாக்டரும் கீமோவால வந்த அனீமியான்னு தெளிவா எழுதிருக்கார். நான் மார்பு கேன்சர் கோடு சி50.412 முதல்ல போட்டு அடுத்து டி63.0 (கேன்சரால வர்ற அனீமியா) போட்டேன். கோடு தப்பு, சீக்வன்ஸ் (கோடு வரிசை) தப்புன்னு க்யூஏ, அதாவது நாம போட்ட கோட சரிபாக்கற டீம், ரெண்டு எரர் போட்டுட்டாங்க, இந்த வார அக்யூரசி 95க்கு கீழ போயிடுச்சு. மார்க் போனது கூட பரவால்ல, ஏன் தப்புன்னு யாரும் சொல்லல, அதான் கேக்கறேன்.

இன்னொரு சார்ட்ல டாக்டர் கீமோவால பான்சைட்டோபீனியா (மூணு வகை ரத்த அணுவும் குறையறது)ன்னு எழுதிருந்தார், நான் அனீமியா, நியூட்ரோபீனியா (வெள்ளையணுல ஒரு வகை குறையறது), த்ராம்போசைட்டோபீனியா (தட்டணு குறையறது) மூணுக்கும் தனித்தனியா டி64.81, டி70.1, டி69.59 போட்டேன், அதுவும் எரர். மூணும்தானே குறைஞ்சிருக்கு?

கோவை_சிபிசி

சிஸ், எங்க ஃப்ளோர்ல கேன்சர் பேஷன்ட்னா கேன்சர் கோடுதான் எப்பவும் முதல்ல. டி63.0ம் கேன்சர்ல வர்ற அனீமியாதானே, ரீபட்டல் (க்யூஏ எரர் தப்புன்னு மறுப்பு) போடுங்க, மார்க் திரும்ப வந்துடும்.

பழைய_ஆடிட்டர்

தம்பி மன்னிக்கணும், அந்தப் பொண்ண ரீபட்டல் போட வச்சு இன்னொரு தடவ மனசு உடைய விடாதீங்க, இதுல க்யூஏ சொன்னதுதான் சரி.

ஐசிடி-10-சிஎம் கைட்லைன்ல இரண்டாவது சேப்டர், நியோப்ளாசம் (கட்டி, கேன்சர்) பகுதில இது பக்கத்து பக்கத்துலயே இருக்கு. கேன்சராலயே வந்த அனீமியாவுக்கு ட்ரீட்மென்ட் எடுக்க வந்தா கேன்சர் கோடு முதல்ல, பின்னாடி டி63.0. கீமோ மருந்தால வந்த அனீமியா, அன்னைக்கு நடந்த ட்ரீட்மென்ட்டும் அனீமியாவுக்கு மட்டும்தான்னா அப்படியே தலைகீழ், அனீமியா முதல்ல, அப்புறம் கேன்சரும் மருந்தோட அட்வர்ஸ் எஃபெக்ட் கோடும். எல்லாரும் மேல இருக்கறத மட்டும் படிச்சு மனசுல வச்சுக்கறாங்க, அதுலதான் "கேன்சர் எப்பவும் ஃபர்ஸ்ட்"ங்கற பேச்சு ஃப்ளோர் ஃப்ளோரா பரவுது.

அப்போ உங்க சார்ட்டுக்கு டி64.81, சி50.412, டீ45.1எக்ஸ்5ஏ. அந்த டீ கோட விட்டுட்டீங்க பாருங்கம்மா, அது இல்லாம எந்த மருந்து பண்ண வேலைன்னே க்ளெய்ம்ல தெரியாது. அதுல எக்ஸுக்கு அடுத்து வர்றது அஞ்சுன்னா சரியான மருந்த சரியான அளவுல குடுத்தும் வந்த விளைவு. டோஸ் தப்பா போயிருந்தா அது பாய்சனிங், அஞ்சுக்கு பதிலா ஒண்ணு வரும், அப்போ டீ கோடுதான் முதல்ல நிக்கும்.

அதே அம்மா கீமோ போட்டுக்கன்னே வந்து, கீமோவும் ஏறி, அன்னைக்கே அனீமியாவையும் பாத்திருந்தா இசட்51.11 (கீமோ போட்டுக்க வந்த விசிட்) முதல்ல, மத்ததெல்லாம் பின்னாடி. சார்ட்ட திறந்ததும் இன்னைக்கு இவங்க எதுக்கு வந்தாங்கன்னு பாருங்க, என்ன நோய்னு அப்புறம் பாக்கலாம். நான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்றது இதத்தான்.

ஆபரேஷன்ல கட்டிய எடுத்தாச்சு, ஆனா கீமோ ஓடிட்டிருக்குன்னா இசட்85.3க்கு (முன்னாடி மார்பு கேன்சர் இருந்துச்சுங்கற கோடு) போயிடாதீங்க. அந்த இடத்துக்கான ட்ரீட்மென்ட் முடியற வரைக்கும் சி50தான்.

வார்டு_டு_கோடிங்

நான் ஆறு வருஷம் ஆன்காலஜி வார்டுல நர்ஸா இருந்துட்டு கோடிங்குக்கு வந்தேன், பான்சைட்டோபீனியா கேள்விக்கு நான் சொல்றேன். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூணும் பிறக்கறது எலும்பு மஜ்ஜைல, கீமோ மருந்து வேகமா பிரியற செல்லையெல்லாம் அடிக்கும், மஜ்ஜை செல்லும் அதுல மாட்டிக்கும். நியூட்ரோஃபிலுக்கு ஆயுசு ரொம்ப கம்மி, அதனால மருந்து ஏறி ஒண்ணு ரெண்டு வாரத்துலயே சரிஞ்சிடும், தட்டணு எட்டு பத்து நாள் தாங்கும், சிவப்பணு 120 நாள் இருக்கும். அதான் ஹீமோகுளோபின் சைக்கிள் சைக்கிளா மெதுவா இறங்கும், உங்க சார்ட்ல மூணாவது சைக்கிளுக்கு அப்புறம் 6.9 வந்தது இப்படித்தான்.

மூணும் சேந்து விழுந்து டாக்டரும் பான்சைட்டோபீனியான்னு பேர் வச்சுட்டா மூணுமே அந்தப் பேருக்குள்ள அடங்கிடுச்சு. கீமோவால வந்த பான்சைட்டோபீனியா கோடு டி61.810 ஒண்ணு போதும், கூட கேன்சர் கோடும் டீ45.1எக்ஸ்5ஏவும். தனித்தனியா உடைச்சா ஒரே விஷயத்த மூணு தடவ சொன்ன மாதிரி ஆயிடும்.

ஒரே ஒரு இடம் கவனம், காய்ச்சல். டாக்டர் பான்சைட்டோபீனியாவோட நியூட்ரோபீனிக் ஃபீவர்னும் எழுதிருந்தா டி61.810 கூட டி70.1, காய்ச்சலுக்கு ஆர்50.81 ரெண்டும் சேரும். வெள்ளையணு இல்லாத உடம்புல 38.3 டிகிரி காட்டினா நாங்க மத்த வேலையெல்லாம் போட்டுட்டு கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு ஆன்டிபயாடிக் மாட்ட ஓடுவோம், ஒரு மணி நேரம் லேட்டானாலும் பயம். அது வெறும் பான்சைட்டோபீனியாவ விட ரொம்ப பெரிய விஷயம்ங்க, அது கோடுலயும் தெரியணும்.

திருச்சி_கோடர்

ரொம்ப நன்றிக்கா, நன்றி சார். ஆயுசு கணக்கோட சொன்னதுல இப்போ நல்லா மனசுல நிக்குது. இன்னும் ஒண்ணே ஒண்ணு, டாக்டர் வெறும் அனீமியான்னு மட்டும் எழுதிருக்கார், பேஷன்ட்டுக்கு கேன்சரும் இருக்கு, கீமோவும் ஓடுது, லேப்ல ஹீமோகுளோபின் 8.1. கீமோவாலதான்னு நாமளே எடுத்துக்கலாமா?

பழைய_ஆடிட்டர்

கூடாதும்மா. கேன்சராலயும் வரலாம், மருந்தாலயும் வரலாம், ரத்தம் கசிஞ்சும் வரலாம், கிட்னியாலயும் வரலாம். அத முடிவு பண்ண வேண்டியவர் டாக்டர், லேப் நம்பர பாத்து நாம நோய் பேர் வைக்கக் கூடாது. டாக்டருக்கு க்வெரி (எழுத்துல கேள்வி) அனுப்புங்க. க்வெரிலயும் "கீமோவாலதானே?"ன்னு கேட்டா அது பதில நாமளே வாய்ல ஊட்டற மாதிரி, நிக்காது. ஹீமோகுளோபின், கீமோ தேதி, குடுத்த ட்ரீட்மென்ட் எல்லாம் எழுதிட்டு அனீமியாவுக்கு காரணம் என்னன்னு கேளுங்க, சார்ட்டுக்கு பொருந்தற ஆப்ஷன் எல்லாம் குடுங்க, வேற காரணம், சொல்ல முடியலங்கறதும் அதுல இருக்கணும். கேன்சர், கீமோ ரெண்டுமே காரணம்னு அவரே எழுதினா டி63.0, டி64.81 ரெண்டும் போடலாம், அங்க இருக்கறது எக்ஸ்க்ளூட்ஸ் டூ, அதாவது ரெண்டும் வேற வேற, ஆனா சேந்தும் போடலாம்ங்கற குறிப்பு.

கோவை_சிபிசி

சார், நான் சொன்னது தப்புதான், இப்போ கைட்லைன எடுத்து படிச்சேன். சிஸ், ரீபட்டல் போட்டுடாதீங்க, சாரி.

திருச்சி_கோடர்

போடல ப்ரோ, பரவால்ல. போன வாரம் நான் முடிச்ச சார்ட்டையெல்லாம் திரும்ப பாத்தேன், ஆடிட்ல வராத இன்னும் ரெண்டுல இதே மாதிரி கேன்சர முதல்ல வச்சு டீ கோடு இல்லாம அனுப்பிருக்கேன். டீம் லீடர்கிட்ட நானே சொல்லிட்டேன், க்ளெய்ம் போறதுக்கு முன்னாடி திறந்து குடுக்கறேன்னு சொல்லிருக்காங்க.