சென்னைத் தொலைக்காட்சியின் தமிழ் நிகழ்ச்சிகள் எதனால் செல்வாக்கிழந்தன?

மாறன் கேட்டது:

வணக்கம். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 'வயலும் வாழ்வும்', செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', நேயர் கடிதங்களுக்கு விடையளித்த 'எதிரொலி' ஆகியவை வீடுதோறும் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்ததால்தான் இவை செல்வாக்கிழந்தன என்று பலரும் கூறுகிறார்கள். அது மட்டுமே காரணமா?

மயிலைவாசி எழுதியது:

அது பெரிய காரணம்தான். ஆனால் முதல் காரணம் அன்று. என் கணிப்பில் திருப்பம் 1982 ஆகஸ்ட் 15 அன்றே நிகழ்ந்துவிட்டது. அன்றுதான் டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாகத் தேசிய ஒளிபரப்பும், அதனுடன் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. அதற்கு முன்பு மாலையில் தொடங்கி இரவில் முடிந்துவிடும் சில மணி நேரமே ஒளிபரப்பு என்றாலும், அந்த நேரத்தின் பெரும்பகுதி சென்னை நிலையத்தின் கையில் இருந்தது. பிறகு, வேலை முடிந்து வந்து குடும்பத்தோடு அமரும் இரவு நேரம் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட, தமிழ் நிகழ்ச்சிகள் மாலைப் பொழுதுக்குள் நெருக்கியடித்துக்கொள்ள நேர்ந்தது. தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே பல.

'எதிரொலி'யைத் தாங்கள் குறிப்பிட்டது மகிழ்ச்சி. கடிதக் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க, நிலையத்தின் சார்பில் அதிகாரி ஒருவர் பதில் சொல்வார். நேயருக்கு அப்படி ஒரு மரியாதை கொடுத்த நிகழ்ச்சி பின்னாளில் வந்த அலைவரிசைகளில் அரிது. ஆனால் டெல்லியில் முடிவான நிகழ்ச்சிக்குச் சென்னை நிலையம் என்ன பதில் சொல்ல இயலும்?

தாமிரபரணி எழுதியது:

மயிலைவாசி ஐயா சொல்வது சென்னைக்குப் பொருந்தும். தென்மாவட்டங்களின் கதை வேறு. சென்னையின் அலை எங்கள் பக்கம் எட்டாது. எண்பதுகளின் நடுவில் ஊருக்கு ஊர் வந்த குறைந்த சக்தி நிலையங்களும் செயற்கைக்கோளிலிருந்து டெல்லி நிகழ்ச்சிகளை வாங்கித்தான் ஒளிபரப்பின. ஆகவே எங்களில் பலருக்குத் தொலைக்காட்சி என்பது முதலில் இந்தியில்தான் அறிமுகமானது. கடலோரத்தில் உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்திருந்தவர்கள் 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்கள் மொழிகளின் ஆங்கில அகரவரிசையில் வரும். தமிழின் முறை வர வாரக்கணக்கில் காத்திருப்போம். கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகே 'ஒலியும் ஒளியும்' எங்களுக்கும் உரியதாயிற்று. சில ஆண்டுகளிலேயே கேபிள் வந்துவிட்டதால், சென்னை நிலையத்தோடு எங்களுக்கு நீண்ட பழக்கம் ஏற்படவே வாய்ப்பில்லை.

மயிலைவாசி எழுதியது:

தாமிரபரணி கூறியது மிக முக்கியமானது. கட்டுரையில் அவசியம் இடம்பெற வேண்டும். 1993க்குப் பிறகு தூர்தர்ஷனும் சும்மா இருக்கவில்லை. பின்னாளில் பொதிகை என்று பெயர் பெற்ற தமிழ்ச் செயற்கைக்கோள் அலைவரிசை அவ்வாண்டில்தான் தொடங்கியது. இந்தித் தொடர்களைத் தமிழில் மொழிமாற்றியும் பார்த்தார்கள். உதட்டசைவுக்குப் பொருந்துவதற்காகச் சொற்கள் முன்பின்னாக இடம்மாறிய 'ஜுனூன்' தமிழை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். உழவருக்கும் கர்நாடக இசைக்கும் நாடகத்துக்கும் இடம் கொடுத்து வந்த நிலையம், தனக்கு வலுவான அந்தத் துறைகளில் மேலும் முதலீடு செய்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன். 2024 ஜனவரியில் பொதிகை, டிடி தமிழ் என்று பெயர் மாறியது.

நூலகப்பித்தன் எழுதியது:

மாறன் அவர்களுக்கு: அக்கால நாளிதழ்கள் அன்றாட நிகழ்ச்சி நிரலை நேரத்துடன் அச்சிட்டு வந்தன. 1981, 1983, 1988, 1994 ஆகிய ஆண்டுகளில் ஒரே மாதத்தின் ஒரு வார நிரலை எடுத்து, தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்த நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். மேலே இருவரும் சொன்னவற்றை அதைக் கொண்டே சரிபார்த்துவிடலாம். கன்னிமாரா நூலகத்திலும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா நூலகத்திலும் விசாரித்துத் தொடங்குங்கள்.