லாரி வராத வாரமும் எங்கள் காலிமனைத் தோட்டமும் – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

விதைப்பெட்டி:

நகரத்தில் பயிர் செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "நாலு தொட்டியில் கீரை போட்டால் ஊர் வயிறு நிறைந்துவிடுமா" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நிறையாது. தானியமும் பருப்பும் எண்ணெயும் வயல்வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும், அதற்கு வேண்டிய பரப்பு நகரத்துக்குள் இல்லை. ஆனால் சாலைகள் துண்டிக்கப்பட்ட ஒரு வாரத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, தோட்டத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது எனக்குத் தெளிவாகவே புரிந்தது, அதை எழுதத்தான் இந்த இழை.

மழை விடாமல் கொட்டியது, நகருக்குள் வரும் வழியெல்லாம் தண்ணீர். தானியமும் பருப்பும் எல்லார் வீட்டிலும் கொஞ்சமாவது இருந்தது. முதலில் தீர்ந்தது காய்கறிதான், ஏனென்றால் அதை யாரும் மாதக்கணக்கில் வாங்கி வைப்பதில்லை, கடைக்காரரும் அன்றன்றைக்கு வரும் லாரியை நம்பித்தான் இருக்கிறார். ஓரிரு நாளில் கடைத் தட்டுகள் காலி. எங்கள் வீடுகளுக்கு நடுவே இருக்கும் காலிமனையில் சில குடும்பங்கள் சேர்ந்து கீரை, வெண்டை, பீன்ஸ், பூசணி என்று போட்டிருந்தோம். மேட்டுப்பாத்தி என்பதால் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட்டது.

அந்த வாரம் தோட்டத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைப் பிடுங்கப் போக, எதிர்வீட்டுப் பாட்டி குடையைப் பிடித்தபடி வந்து நின்று, "வேரோட பிடுங்காதீங்கப்பா, மண்ணுக்கு மேல ரெண்டு விரல் விட்டு அறுங்க, மறுபடி துளிர்க்கும்" என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். அப்படியே அறுத்தோம். சில நாளில் வெட்டிய தண்டின் கணுவில் பச்சை முளை தெரிந்தது, அதே பாத்தியிலிருந்து இன்னொரு முறை எடுத்தோம். கைக்குழந்தை இருக்கும் வீடு, கர்ப்பிணி இருக்கும் வீடு, தனியாக இருக்கும் வயதானவர்கள், இவர்களுக்கு முதலில் என்று யாரும் விதி போடாமலே அமைந்துவிட்டது. தோட்டத்தில் ஒரு நாளும் கால் வைக்காதவர்களுக்கும் கொடுத்தோம், அதில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்று. அந்த வாரம் அவசரமாக விதை கேட்டவர்களுக்கு எங்களால் உதவ முடியவில்லை, விதை இருந்தது, நேரம்தான் இல்லை. சீக்கிரம் வரும் கீரைக்கே மூன்று நான்கு வாரம் ஆகும், தக்காளிக்கு இரண்டு மூன்று மாதம். நெருக்கடி வரும் நாளில் நாம் சாப்பிடுவது போன மாதம் விதைத்ததை. 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்பு என்றால் என்ன என்று வரையறுத்தபோது, எல்லா மனிதருக்கும், எல்லா நேரத்திலும் போதுமான உணவு கிடைப்பது என்று சொன்னது. அந்த ‘எல்லா நேரத்திலும்’ என்பதற்காகத்தான் சாதாரண நாளிலும் தோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறேன்.

மண்புழு:

அக்கா, படித்து மனசு நிறைந்தது, ஆனால் கூடவே வயிற்றெரிச்சலும். எங்கள் தெருவிலும் இப்படி ஒன்று இருந்தது, இப்போது அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மனைக்காரர் வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்தார், ஒரு நாள் வாய்வார்த்தையாகவே திருப்பிக் கேட்டுவிட்டார். காய்த்துக்கொண்டிருந்த செடிகளோடு மண்ணை இயந்திரம் வாரி ஓரமாகக் குவித்தது. செடி போனதுகூடப் பெரிதில்லை, மறுபடி விதைக்கலாம். கட்டிடச் சல்லியும் கண்ணாடித் துண்டும் கிடந்த தரையை, சமையலறைக் கழிவும் சருகும் போட்டுப் போட்டு, கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்குகிற மண்ணாக ஆக்கி வைத்திருந்தோம். அதை இன்னொரு இடத்தில் திரும்ப உண்டாக்க வருடங்கள் ஆகும்.

அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். எல்லா நாட்டிலும் இதே கதைதான். லாஸ் ஏஞ்சலஸில் 1992 கலவரத்துக்குப் பிறகு உருவான ‘சவுத் சென்ட்ரல்’ பகுதித் தோட்டம் 14 ஏக்கர், ஏறத்தாழ 350 குடும்பங்கள் பயிர் செய்தன. நிலம் தனியார் கைக்குப் போனது, 2006-இல் போலீஸை வைத்து வெளியேற்றி இடித்தே விட்டார்கள். நியூயார்க்கில் 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை நகர நிர்வாகம் ஏலம் விடப் போக, அறக்கட்டளைகள் கடைசி நேரத்தில் விலை கொடுத்து வாங்கியதால்தான் அவை பிழைத்தன. பிரிட்டனில் நிலைமை வேறு. கேட்கிற மக்களுக்குப் பயிர் செய்யச் சிறு நிலத்துண்டு ஒதுக்கித் தருவது உள்ளாட்சியின் கடமை என்று 1908-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், அதற்கென்றே வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்று 1925-இல் இன்னொரு சட்டம். ஆகவே விதை, உரம், ஆர்வம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிலத்துக்கு ஓர் உறுதி வேண்டும். இது இல்லாமல் நகர விவசாயம் உணவுப் பாதுகாப்பு தரும் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாடித்தோட்டம்:

நிலம் இல்லாதவர்கள் மாடிக்குத்தான் போவார்கள், அதனால் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலாவது எடை. ஈர மண் ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினாலே 250 கிலோவைத் தாண்டும், சாதாரண வீட்டுக் கூரைகள் பலவும் இந்த அளவு பாரத்துக்குக் கட்டப்பட்டவை அல்ல. பொறியாளரிடம் காட்டாமல் மாடி முழுக்க மண்ணைக் கொட்டாதீர்கள். தொட்டிகளை உத்தரத்துக்கும் சுவருக்கும் மேலாக ஓரங்களில் வையுங்கள், மண்ணோடு தென்னைநார்க் கழிவும் மக்கிய உரமும் பெருமளவு சேர்த்தால் எடை நன்றாகக் குறையும்.

இரண்டாவது ஈயம், மண்ணில் தங்கிவிடும் நச்சு உலோகம். பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரம், பரபரப்பான சாலையோரம், பழைய பட்டறை இருந்த இடம், இங்கெல்லாம் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு விதையுங்கள். கீரையிலும் கிழங்கிலும்தான் ஆபத்து அதிகம், தக்காளி, வெண்டை மாதிரி காய்ப்பவற்றில் குறைவு. சந்தேகம் இருந்தால் அடியில் விரிப்பு போட்டு, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி கட்டிவிடலாம். குழந்தைகளை அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள், விளைந்ததைவிட அவர்கள் வாய்க்குப் போகும் மண்தூசியே பெரிய கேடு.

உரக்குழி:

மண்புழு அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், கூடவே நல்லபடி நடந்த ஊர்களையும் சொல்ல வேண்டும். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபோது அதை நம்பியிருந்த கியூபாவுக்கு எரிபொருளும் ரசாயன உரமும் வருவது கடுமையாகக் குறைந்தது. கிராமத்தில் விளைந்ததைத் தலைநகர் ஹவானாவுக்குக் கொண்டுவர வண்டியில் ஊற்ற எண்ணெய் இல்லை. அப்போது அரசு காலியிடங்களைப் பயிர் செய்ய மக்களுக்குத் திறந்துவிட்டது. சிமென்ட்டுத் தரையின் மேலேயே கரை கட்டி மக்கிய உரமும் மண்ணும் நிரப்பிய பாத்திகள், ‘ஆர்கனோபோனிகோ’ என்பார்கள், நகரம் முழுக்க வந்தன. பறித்ததைப் பக்கத்திலேயே விற்றுவிட்டார்கள், லாரியும் வேண்டாம், குளிர்பதனமும் வேண்டாம். கியூபா இன்றும் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பச்சைக் காய்கறியில் நகரம் தன் காலில் நின்றது, அந்த அளவே எவ்வளவு பெரிது!

அர்ஜென்டினாவின் ரொசாரியோவும் அப்படித்தான். 2001-இல் நாட்டின் பொருளாதாரமே விழுந்து வேலை போனவர்கள் தெருவுக்கு வந்த சமயம், மறு ஆண்டே நகராட்சி சும்மா கிடந்த பொது நிலங்களில் பயிர் செய்ய அவர்களுக்கு உரிமை கொடுத்து, பயிற்சியும் கொடுத்து, விற்கச் சந்தையும் ஏற்பாடு செய்தது. நிலம் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் பாதியில் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். கடையில் சாப்பாடு இருந்தும் வாங்கக் கையில் காசு இல்லாததுதான் அங்கே பிரச்சினை, தோட்டம் சாப்பாடு, காசு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தது.

இன்னொரு உதாரணமும் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீட்டு முற்றம், பூங்கா, பள்ளி மைதானம் என்று கோடிக்கணக்கான தோட்டங்கள் முளைத்தன, 1943-இல் சுமார் 2 கோடி என்று கணக்கிடுகிறார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. விதைப்பெட்டி அக்கா சொன்ன ‘சாதாரண நாளிலும் ஓட வேண்டும்’ என்பது அங்கே நடக்கவில்லை.

விதைப்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. மண்புழு அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் உடனே பேசினோம். எங்களுக்கும் இதுவரை வாய்வார்த்தைதான். மனைக்காரர் நல்லவர், ஆனால் நாளை அவருடைய பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ தெரியாது. அவரிடம் எழுத்தில் கேட்கப் போகிறோம். நிலத்தின் மேல் எங்களுக்கு எந்த உரிமையும் வராது என்று நாங்களே முதல் வரியாக எழுதிக் கொடுத்துவிடுவோம், அவருக்குள்ள பயமே அதுதான். பதிலுக்கு, இடத்தைத் திரும்பக் கேட்பதானால் நிற்கிற பயிரை அறுவடை செய்ய 3 மாத அவகாசம், பாத்தி மண்ணை அள்ளிக்கொண்டு போக அனுமதி, இவ்வளவு போதும். கூடவே பக்கத்துப் பூங்காவில் சும்மா கிடக்கும் மூலையைக் கேட்டு உள்ளாட்சிக்கும் ஒரு மனு தயாராகிறது. இந்த மாதிரி ஒப்பந்தம் எழுதி வைத்திருப்பவர்கள் பெயர், முகவரியை நீக்கிவிட்டு வாசகத்தை மட்டும் இங்கே போடுங்கள், மனு எழுதுகிறவர்களுக்கும் உதவும்.