புனேல இருந்து கோவை வந்தாச்சு, பசங்க ஸ்கூல் அட்மிஷன்ல குழப்பம், ஹெல்ப் ப்ளீஸ்

கோவைக்குப் புதுசு:
வணக்கம்ங்க. வீட்டுக்காரருக்கு வேலை மாறி ஜூன் கடைசில சிங்காநல்லூர் பக்கம் குடி வந்தோம். பொண்ணு 6வது, பையன் 2வது, ரெண்டு பேரும் அங்க சிபிஎஸ்இ. இங்க எந்த பிரைவேட் ஸ்கூல் போனாலும் சீட் இல்லங்கறாங்க, ஒரு இடத்துல மட்டும் டெஸ்ட் வெச்சுப் பாக்கறோம் அதுக்கு ஃபீஸ் கட்டுங்கன்னாங்க. பழைய ஸ்கூல்ல டிசி கேட்டா நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கறாங்க. அதவிட பெரிய கவலை தமிழ். வீட்ல நல்லா பேசுவாங்க, எழுதப் படிக்க வராது. பையன் அ ஆ எழுதச் சொன்னா மராத்தி மாதிரி மேல கோடு இழுத்து எல்லா எழுத்தையும் அதுல தொங்க விடறான் 😄 மாமனார் கவர்மென்ட் ஸ்கூல்ல போடுங்கறார், வீட்டுக்காரர் வேணவே வேணாங்கறார். என்ன பண்றது?

சாக்பீஸ்:
டிசிக்காக காத்திருக்காதீங்க. நான் அரசுப் பள்ளி டீச்சர்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 8வது வரைக்கும் அரசு, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல டிசி லேட்டுன்னு அட்மிஷன நிறுத்தக் கூடாது. டெஸ்ட் வெச்சு வடிகட்டவும் கூடாது, இது பிரைவேட் ஸ்கூலுக்கும் சேத்துதான். ஆனா சீட்டே இல்லனு சொல்ற பிரைவேட் ஸ்கூல்கிட்ட மல்லுக்கட்டி பிரயோஜனம் இல்ல. ஆதார், பழைய ரிப்போர்ட் கார்டு, அதுல பென் நம்பர் (ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் தர்ற நிரந்தர கல்வி எண்) இருந்தா அதையும் எடுத்துட்டு போங்க. முக்கியமா ஒண்ணு, பழைய ஸ்கூலுக்கு ஃபோன் பண்றப்ப டிசி மட்டும் கேக்காதீங்க, யுடைஸ்ல, அதாவது எல்லா ஸ்கூல் பசங்க விவரமும் இருக்கற கவர்மென்ட் ஆன்லைன் பதிவுல, பேர ரிலீவ் பண்ணி டிராப்பாக்ஸ்ல (ஸ்கூல் விட்டு மாறற பசங்க லிஸ்ட்) போட்டாச்சான்னு கேளுங்க. அவங்க விட்டாதான் புது ஸ்கூல் பேர இங்க இழுக்க முடியும், பேப்பர் டிசி கைல இருந்தும் இதுலயே மாட்டிக்கிட்டவங்க நிறைய. பையனப் பத்தி கவலையே வேணாம், எங்ககிட்ட எண்ணும் எழுத்தும்னு திட்டம் இருக்கு, அரும்பு மொட்டு மலர்னு பசங்களோட நிலைமைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு சொல்லித் தருவோம், 2வதுல எழுத்துல இருந்து ஆரம்பிக்கற பசங்க இங்கயே இருக்காங்க.

ஹைதராபாத் ரிட்டர்ன்:
சிபிஎஸ்இ போனா தமிழ்ல இருந்து தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க சிஸ், இங்க தமிழ் கட்டாயம், 2006லயே சட்டம் வந்துடுச்சு. சின்னவன் சமாளிச்சுடுவான். கஷ்டம் பொண்ணுக்குதான், 6வது ஸ்டேட் போர்டு தமிழ் புக்குல செய்யுள், இலக்கணம்னு இருக்கும். எங்க பெரியவளுக்கு பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தமிழையா சாயங்காலம் சொல்லிக் குடுத்தார், பஸ் போர்டு, மளிகைக்கடை லிஸ்ட்டுல ஆரம்பிச்சுட்டு அப்புறம்தான் புக்கே தொட்டார். டியூஷன் சென்டர் வேஸ்ட், அங்க கோனார் உரைய மனப்பாடம் பண்ண வைப்பாங்க.

நொய்யல்காரன்:
உங்க மாமனார் சொல்றத ஒருதடவ யோசிங்க மேடம். பொண்ணு இப்ப 6வதுங்கறதாலதான் சொல்றேன். 6ல இருந்து 12 வரைக்கும் இங்க அரசுப் பள்ளில படிச்சா மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா. அடுத்த வருஷம் 7வதுல மாத்திக்கலாம்னு விட்டா அந்தக் கணக்குல வராது. அதுக்காக கண்ண மூடிட்டு சேக்காதீங்க, ஸ்கூலுக்கு ஸ்கூல் வித்தியாசம் இருக்குதுங்க, காலைல பிரேயர் டைம்ல போய் நின்னு பாருங்க, வாத்தியாருங்க வந்திருக்காங்களான்னு தெரிஞ்சிடும், டாய்லெட்டையும் பாத்துடுங்க.

கோவைக்குப் புதுசு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டிராப்பாக்ஸ் விஷயம் சுத்தமா தெரியாது, நாளைக்கே ஃபோன் பண்றேன். 7.5 மேட்டர வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், மூஞ்சி கொஞ்சம் மாறுச்சு. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் யாராச்சும் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பசங்கள போட்டிருந்தா சொல்லுங்க, 6வது இங்கிலீஷ் மீடியம் எங்க இருக்குன்னு தெரியணும்.