தோக்குற கபடி டீம்ல ரெண்டாவது ரைடரை எப்படி எடை போடுறது?

புதுவயல் பங்காளி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க டீம் 65 கிலோ பிரிவு. மெயின் ரைடருக்கு (எதிர்ப் பக்கம் பாடிப் போறவர்) முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிருச்சு, இந்த சீசன் இனி ஆட முடியாது. அவருக்குப் பதிலா பெஞ்சுல இருந்த தம்பியை இறக்கியிருக்கோம். மூணு மேட்ச் ஆடியாச்சு, மூணுமே தோல்வி. ஸ்கோர் நோட்டுல இருக்கிற கணக்கு: 46 ரைடு, 16 பாயிண்ட், 15 தடவை அவுட், 17 எம்ப்டி (பாயிண்டும் இல்லாம, அவுட்டும் ஆகாம திரும்பினது).

கமிட்டியில பாதிப் பேரு "இவன் தேற மாட்டான், பங்குனிப் போட்டிக்கு வெளியாளைக் கூட்டியாந்திருவோம்"னு சொல்றாங்க. மீதிப் பேரு "டீமே சரியில்லாதப்ப தம்பியை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண"ங்கிறாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் படுது. வெறும் பாயிண்டை வச்சுப் பார்க்காம, தம்பி உண்மையிலேயே எப்படி ஆடுறாப்லன்னு கணக்குப் போட வழி இருக்கா?

ஸ்கோர் மேசை:

வழி இருக்கு பங்காளி. ஆனா நீங்க குடுத்திருக்கிற நாலு நம்பரை வச்சு முடியாது. 46 ரைடும் ஒரே எடை இல்லை. எதிரணியில 7 பேரும் நிக்கிறப்ப போற ரைடும், 4 பேரு நிக்கிறப்ப போற ரைடும் வேற வேற ஆட்டம்.

ஒவ்வொரு ரைடுக்கும் ஆறு விஷயம் குறிச்சிருக்கணும். ஆட்டத்துல எத்தனாவது நிமிஷம். எதிர்ல எத்தனை பேரு. நம்ம பக்கம் எத்தனை பேரு. அது தேர்ட் ரைடா, அதாவது பாயிண்ட் எடுக்கலைன்னா அவுட்டாகுற டூ ஆர் டையா. முடிவு என்ன: டச்சா, போனஸா (போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வச்சு எடுக்கிறது), எம்ப்டியா, அவுட்டா. அவுட்டுன்னா எப்படி அவுட்: ஆங்கிள் (கணுக்கால் பிடி), தை (தொடைப் பிடி), பிளாக் (வழி மறிக்கிறது), டேஷ் (இடிச்சு வெளிய தள்ளுறது), செயின் (கை கோத்து நிக்கிறவங்க பிடிக்கிறது), லாபி (ஓரப் பட்டைக்குள்ள கால் போறது), நேரம் முடிஞ்சதுன்னு பிரிச்சு.

நோட்டுல இது இல்லைன்னா மேட்ச் வீடியோ யாராவது செல்போன்ல எடுத்திருப்பாங்க. ஒரு மேட்சுக்கு ஒரு மணி நேரம் உக்காந்தா பிரிச்சிரலாம். முக்கியமா தேர்ட் ரைடை மட்டுமாவது தனியா எடுத்துப் போடுங்க.

புதுவயல் பங்காளி:

வீடியோ இருந்துச்சு அண்ணே, ராத்திரி உக்காந்து பிரிச்சிட்டேன்.

தேர்ட் ரைடு 18. அதுல பாயிண்ட் எடுத்தது 5, அவுட் 13. சாதா ரைடு 28. அதுல பாயிண்ட் எடுத்தது 9, அவுட் 2, எம்ப்டி 17.

16 பாயிண்டுல போனஸ் 9, டச் 7.

தேர்ட் ரைடு 18ல 14 தடவை எதிர்ல 6 பேரோ 7 பேரோ முழுசா நின்னிருக்காங்க, அதுல 2 தான் தேறுச்சு. மீதி 4 தடவை எதிர்ல 5 பேரோ அதுக்குக் கீழயோ, அதுல 3 தேறுச்சு.

தேர்ட் ரைடு அவுட் 13ல ஆங்கிள் 7, பிளாக், டேஷ் சேர்த்து 3, நேரம் முடிஞ்சது 2, லாபி 1. அந்த ஏழு ஆங்கிளும் ஒரே பக்கத்துக் கார்னர் (ஓரத்துல நின்னு பிடிக்கிறவர்).

ஸ்கோர் மேசை:

அருமையா பிரிச்சிருக்கீங்க. இப்பப் பாருங்க.

மொத்தமாப் பார்த்தா 46க்கு 14 தேறியிருக்கு, 30 சதவீதம். கமிட்டி இதைத்தான் பார்த்திருக்கும். ஆனா 15 அவுட்டுல 13 தேர்ட் ரைடுல வந்தது. சாதா ரைடுல 28க்கு 2 தான் அவுட். கண்ணை மூடிக்கிட்டுப் போயி மாட்டுற ஆளுக்கு இந்தக் கணக்கு வராது.

அடுத்த கேள்வி, 46 ரைடுல 18 தேர்ட் ரைடு எப்படி இவர் தலையில விழுந்துச்சு? கிட்டத்தட்ட 40 சதவீதம். ரெண்டு ரைடு வரிசையா எம்ப்டியா வந்தாத்தான் மூணாவது தேர்ட் ரைடு. அப்ப முதல் ரெண்டு ரைடை யாரு போறாங்க? உங்க கேப்டனும் இன்னொருத்தரும் கோட்டை மட்டும் தாண்டிட்டு பத்திரமா திரும்பி வந்திருப்பாங்க. அது நோட்டுல அவுட் இல்லாத ரைடுன்னு நல்லபடியா நிக்கும். அதுக்கான விலையை மூணாவதா போற தம்பி குடுக்கிறாப்ல. கேப்டனோட எம்ப்டியில எத்தனை தேர்ட் ரைடுல போயி முடிஞ்சதுன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கமிட்டிக்கு முதல்ல காட்ட வேண்டிய நம்பர் அதுதான்.

இடது கார்னர்:

ஸ்கோர் மேசை அண்ணன் சொல்றதுல பாதியை ஒத்துக்கிறேன், மீதிப் பாதிக்கு எனக்கு வேற கருத்து.

சாதா ரைடு 28ல 17 எம்ப்டி. இது 60 சதவீதம். கேப்டன் மட்டும் தேர்ட் ரைடை உண்டாக்கலை, தம்பியும் உண்டாக்குறாப்ல. முன்னணியில இருக்கிற டீமுக்கு எம்ப்டி நல்லது, 30 செகண்டு கழியுது. பின்தங்கி இருக்கிற டீம் எம்ப்டி போட்டா அது எதிரணிக்குக் குடுக்கிற நேரம். அதனால அந்த 17ஐயும் ரெண்டாப் பிரிக்கணும். 3 பாயிண்டுக்குள்ள பின்தங்கி இருந்தப்ப போட்ட எம்ப்டி எத்தனை, அதுக்கு மேல பின்தங்கி இருந்தப்ப போட்டது எத்தனை. ரெண்டாவது வகை நிறைய இருந்தா அது பயம்தான், பத்திரம்னு பேரு வைக்கக் கூடாது.

அடுத்து அந்த ஏழு ஆங்கிள். ஒரே கார்னர்ல ஏழு தடவை மாட்டினா எதிரணிக்குத் தம்பியோட போனஸ் கால் மனப்பாடம் ஆயிருச்சுன்னு அர்த்தம். எதிர்ல 6 பேரோ அதுக்கு மேலயோ நின்னா போனஸ் உண்டு. தேர்ட் ரைடுல போனஸ் எடுத்தாலும் தப்பிச்சிரலாம். அதனால தம்பி அதையே நம்பிப் போறாப்ல. கார்னருக்கு இது தெரியும், குனிஞ்சு காத்துக்கிட்டு இருப்பான்.

மாட்டுற இடம் எதுன்னா, முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டி விழுறப்ப உடம்பு வெயிட்டு முழுக்க அந்தக் கால்ல இறங்குது. வெயிட்டு இறங்கின காலை உடனே இழுக்க முடியாது. அந்த அரை நொடி கார்னருக்குப் போதும். போனஸ் கிடைக்கப் பின்கால் அந்தரத்துல இருக்கணும், அதனால வெயிட்டு முன்கால்ல விழாம இருக்க வழியில்லை. மாத்த வேண்டியது நேரத்தையும் திசையையும்.

ஒண்ணு, 25வது செகண்டுல போனஸுக்குப் போகவே கூடாது. அப்ப கார்னர் வேற எதையும் எதிர்பார்க்க மாட்டான். 8ல இருந்து 12 செகண்டுக்குள்ள, கார்னருக்குப் பக்கத்துல நிக்கிற இன் ஆள் நகர்ந்துக்கிட்டு இருக்கிறப்ப போகணும்.

ரெண்டு, முதல்ல எதிர்க் கார்னர் பக்கம் இழுக்கணும். செயின் அந்தப் பக்கம் சாயும். அப்ப திரும்பி ஓடிக் கைத்தொடு. போனஸ் கால் வருதுன்னு காட்டிட்டு, நடுப்பக்கம் நிக்கிற கவரோட கையைத் தொட்டு வர்றது இதுல தேறும். ரெண்டு தடவை இப்படி டச் விழுந்துட்டா கார்னர் குனியறதுக்கே யோசிப்பான், போனஸ் தானா திறக்கும்.

மூணு, காலை எடுத்ததும் நேரா நடுக்கோட்டைப் பார்த்து வரணும். லாபிப் பக்கம் சாய்ஞ்சா டச் இல்லாதப்ப அதுவே அவுட். உங்க கணக்குல ஒண்ணு அப்படித்தான் போயிருக்கு.

நேரம் முடிஞ்சு ரெண்டு அவுட்டுன்னா அது பெஞ்சோட தப்பு. 20ம் 25ம் வெளிய இருந்து சத்தமா சொல்லணும்.

தேவகோட்டை பி.டி.:

ரெண்டு பேரும் ரைடைப் பத்தியே பேசுறீங்க. தோக்குற டீம்ல ரைடர் பெஞ்சுல உக்காந்திருக்கிற நேரத்தைப் பார்க்காம எடை போட முடியாது.

ரைடர் அவுட்டானா, நம்ம டீம் டச்சோ டேக்கிளோ (எதிரணி ரைடரைப் பிடிக்கிறது) எடுத்தாத்தான் ஒவ்வொருத்தரா, அவுட்டான வரிசைப்படி உள்ள வருவாங்க. ஏற்கெனவே ரெண்டு பேரு வெளிய இருந்தா இவரு மூணாவது. டிஃபென்ஸ் பாயிண்ட் எடுக்கலைன்னா அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம் உக்காந்தே போயிரும். அதனால "மேட்சுக்கு எத்தனை பாயிண்ட்"டுங்கிற கணக்கு இவருக்குச் சரிப்படாது. மேட் மேல இருந்த நிமிஷத்தை எண்ணி, 10 நிமிஷத்துக்கு எத்தனை பாயிண்டுன்னு போடுங்க. பழைய மெயின் ரைடருக்கும் அதே கணக்கைப் போட்டு ரெண்டையும் பக்கத்துல வைங்க. அப்பத்தான் ஒரே தராசு.

இதுல இன்னொண்ணு மறைஞ்சிருக்கு. போனஸ் பாயிண்டு யாரையும் உள்ள கொண்டு வராது. தம்பியோட 16 பாயிண்டுல 9 போனஸ். அப்ப மூணு மேட்சுல இவரு டச்சால உள்ள வந்திருக்கக்கூடிய ஆள் அதிகபட்சம் 7 பேருதான். 15 தடவை தானே வெளிய போயிருக்காப்ல. ஸ்கோர் ஓடும், ஆனா மேட்ல ஆள் குறைஞ்சுக்கிட்டே வரும். கடைசியில ஆல் அவுட் (ஏழு பேருமே வெளிய), எதிரணிக்கு 2 பாயிண்டு கூடுதல். உங்க மூணு மேட்சுலயும் ஆல் அவுட் எப்ப வந்துச்சு, அதுக்கு முந்தின அஞ்சு ரைடு யாரு போனதுன்னு பாருங்க. இந்தத் தம்பிகிட்ட உண்மையிலேயே குறைன்னா அது டச் குறைவு. அவுட் எண்ணிக்கையை நான் பெரிசா எடுத்துக்க மாட்டேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் 2022 புரோ கபடி. தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் குடுத்து எடுத்த பவன் ஷெராவத் முதல் மேட்சுலயே முழங்கால் அடிபட்டு வெளிய போயிட்டாரு. ரைடு பாரம் பெரும்பாலும், அதுதான் முதல் சீசன்ங்கிற நரேந்தர் மேல விழுந்துச்சு. அந்த சீசன்ல 200 ரைடு பாயிண்டுக்கு மேல எடுத்தாரு, டீம் முதல் முறையா அரையிறுதிக்குப் போச்சு. இதைச் சொல்லி "அவன் எடுத்தானே, நம்ம பையன் ஏன் எடுக்கலை"ன்னு கேப்பாங்க. அந்த டீம்ல கார்னருக்கு சாகரும் சாஹில் குலியாவும் இருந்தாங்க. ரைடர் அவுட்டானாலும் டேக்கிள் விழுந்து சீக்கிரம் உள்ள வந்திருவாரு. அந்த டிஃபென்ஸ் இல்லாம அந்த 200ஐ மட்டும் எடுத்து ஒப்பிடுறது சரியில்லை.

வெளியாள் விஷயம். கூட்டியாரதுல தப்பில்லை, பங்குனிப் போட்டிகள்ல எல்லா ஊரும் பண்றதுதான், போட்டி விதி அனுமதிக்குதான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்குங்க. ஆனா எங்க நிறுத்துறதுன்னு யோசிங்க. வெளியாளை முதல் ரைடுக்கு அனுப்பிட்டு, தம்பியை மறுபடி தேர்ட் ரைடுக்கே அனுப்பினா எதுவும் மாறாது. தேர்ட் ரைடை வெளியாளுக்குக் குடுங்க. தம்பியைச் சாதா ரைடுல, டச்சுக்குப் போடான்னு அனுப்புங்க. எதிர்ல 5 பேரோ அதுக்குக் கீழயோ இருந்த தேர்ட் ரைடுல 4க்கு 3 தேறியிருக்கு. நாலு ரைடு ரொம்பக் குறைவுதான், அதை வச்சு முடிவுக்கு வரக் கூடாது, ஆனா போனஸ் இல்லாதப்ப தம்பி கையை நீட்டுறாப்லன்னு காட்டுது.

இடது கார்னர்:

பி.டி. சார் சொன்ன டச் விஷயம் சரி. பயிற்சிக்கு ஒண்ணு சொல்றேன். 7 பேரு கிடைக்கலைன்னா 4 பேரு போதும், ரெண்டு கார்னர், ரெண்டு கவர். தம்பி 10 ரைடு போகணும், எல்லாமே தேர்ட் ரைடு மாதிரி, போனஸே கிடையாது. 10 முடிஞ்சதும் மூணு நிமிஷம் ஓய்வு, அப்புறம் இன்னொரு 10. மூணு சுத்து. வாரத்துக்கு மூணு நாள். 10க்கு 4 டச் வர ஆரம்பிச்சதும் போனஸைச் சேர்த்துக்குங்க. அதுக்கு முன்னாடி சேர்த்தா பழைய காலே வந்திரும்.

நம்ம பக்கத்துச் செம்மண் தரையில பயிற்சி எடுத்துட்டு மேட்ல ஆடுறீங்கன்னா அதையும் கணக்குல எடுங்க. செம்மண்ணுல கால் விழுந்ததும் கொஞ்சம் வழுக்கி நிக்கும், அந்த வழுக்கல்லயே ஆங்கிள் பிடி நழுவிரும். மேட்ல ஷூ போட்ட கால் அப்படியே ஒட்டி நிக்கும். அந்த ஏழு ஆங்கிள்ல எத்தனை மேட்ல நடந்ததுன்னு பாருங்க.

புதுவயல் பங்காளி:

அண்ணே, சார், ரொம்ப நன்றி. மூணு விஷயத்தையும் பார்த்துட்டேன். ஏழு ஆங்கிள்ல ஆறு மேட்ல நடந்தது, மண்ணுல ஒண்ணுதான். கேப்டன் எம்ப்டிக்கு அப்புறம் வந்த தேர்ட் ரைடு 18ல 12. ஆல் அவுட் நாலு தடவை வந்திருக்கு, நாலுலயும் கடைசி ரைடு தம்பி போனது, ஆனா அப்ப நம்ம பக்கம் ரெண்டு பேரோ ஒருத்தரோதான் நின்னிருக்காங்க.

ஒரு சந்தேகம். நம்ம பக்கம் ஒருத்தர்தான் மிச்சம், அவரும் தம்பிதான், எதிர்ல 7 பேரு. அப்ப போனஸுக்குப் போறதா, டச்சுக்குப் போறதா?

தேவகோட்டை பி.டி.:

டச்சுக்கு. போனஸ் எடுத்தா ஒரு பாயிண்டு வரும், ஆனா மறுபடி தனியாத்தான் நிப்பாரு. அடுத்து எதிரணி ரைடரை ஒத்தை ஆளா பிடிக்கணும், தொடவிட்டா ஆல் அவுட். டச் எடுத்தா ஒருத்தர் உள்ள வருவாரு. கடைசி ரெண்டு நிமிஷம், ஒரு பாயிண்டுல ஜெயிக்கலாம்ங்கிற நிலைமைன்னா மட்டும் போனஸ். இந்த நாலு ஆல் அவுட் ரைடையும் தம்பியோட கணக்குல இருந்து தனியா எடுத்து வச்சிட்டு மீதி 42ஐ கமிட்டிக்குக் காட்டுங்க.