இலையுதிர்கால அறுவடைத் திருவிழாவுக்கு மாமனாரை அழைத்துப் போகிறோம்: பார்க்க என்ன இருக்கிறது? (ஸ்டுட்கார்ட்)

கேள்வி: காவிரிக்கரையாள்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறோம். கும்பகோணத்துக்கு அருகில் ஐம்பது ஆண்டுகள் நெல் விவசாயம் பார்த்த என் மாமனார் இப்போது எங்களோடு தங்கியிருக்கிறார். கான்ஷ்டாட் திடலில் நடக்கும் ஃபோல்க்ஸ்ஃபெஸ்டைப் பற்றி, “இந்த ஊர் அறுவடைத் திருவிழா” என்று என் கணவர் அவரிடம் சொல்லிவிட்டார். அன்றே அவர் வேட்டியைத் தேய்த்து எடுத்து வைத்துவிட்டார். நாங்கள் முன்பு இரண்டு முறை போயிருக்கிறோம். ராட்டினங்களும் பீர்க் கூடாரங்களின் இரைச்சலும்தான் நினைவில் நிற்கின்றனவே தவிர, ஒரு கதிரைக்கூடக் கண்ட ஞாபகம் இல்லை. அக்டோபர் 3 விடுமுறையன்று போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, நான்கு வயது. மாமா முட்டைகூடச் சேர்க்காத சைவம். அவருக்குக் காட்ட அங்கே ஏதேனும் உண்டா? எதை வாங்கிக் கொடுக்கலாம்?

பதில் 1: திடல்வாசி

அக்டோபர் 3 வேண்டவே வேண்டாம். நாடே விடுமுறையில் இருக்கும் நாள். நான்கு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடப்பது தண்டனை. புதன்கிழமை குடும்ப நாள் என்பதால் ராட்டினக் கட்டணம் குறைவு. பள்ளி விட்டதும் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

கதிர் இல்லை என்கிறீர்கள். திடலின் நடுவே 26 மீட்டர் உயரத்தில் ஒரு தூண் நிற்கிறதே, அண்ணாந்து பார்க்கவில்லையா? தானியக் கதிரும் காய்கனிகளுமாக அலங்கரிக்கப்பட்ட அந்தக் கனித்தூண்தான் இந்தத் திருவிழாவின் அடையாளம். கூடாரங்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசும் கந்தகப் புகையும் வானில் பரவியதால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. இந்த ஊர் அன்று அடங்கியிருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டில் ஓயாத மழையும் ஆலங்கட்டியும் விளைச்சலை அழித்தன. தானிய விலை ஏறி, பஞ்சம் தாங்காமல் ஆயிரக்கணக்கானோர் ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்டுப் போனார்கள். 1817 கோடையில் புதுத் தானியம் ஏற்றிவந்த முதல் வண்டியை ஊர் ஊராக மக்கள் திரண்டு நின்று பாடி வரவேற்றார்கள். புதிதாகப் பட்டமேறியிருந்த மன்னர் முதலாம் வில்ஹெல்ம், உழவுத் தொழிலை நிமிர்த்த வேண்டும் என்று 1818-இல் ஹோஹென்ஹைமில் வேளாண் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். இன்றைய ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகம் அதுதான். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, தம் பிறந்தநாளுக்கு மறுநாள், நல்ல கால்நடை வளர்த்தவர்களுக்குப் பரிசளிக்கும் விழாவாக இதைத் தொடங்கிவைத்தார். இதை உங்கள் மாமனாரிடம் சொல்லிவிட்டுத் தூணைக் காட்டுங்கள். பஞ்சம் தீர்ந்த கதையை ஓர் உழவருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு பெரும்பாலான தேவாலயங்களில் அறுவடை நன்றித் திருநாள். பலிபீடத்தின் முன்னே பூசணி, ஆப்பிள், கோதுமைக் கதிர், ரொட்டி என்று பரப்பி வைத்திருப்பார்கள். எந்த மதத்தவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், நம் பொங்கலின் சாயல் எனக்குத் திடலைவிட அங்கேதான் தெரிகிறது.

பதில் 2: வல்வெட்டித்துறையான்

வணக்கம் சகோதரி. முப்பது வருடங்களாக யேர்மனியில் இருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கும் விற்கும் வெங்காயப் பணியாரத்தில், ட்ஸ்வீபெல்கூஹன் என்பார்கள், பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருக்கும். இறைச்சி இல்லாமல் செய்தாலும் மேலே ஊற்றும் கலவையில் முட்டை உண்டு. மவுல்டாஷன் என்ற பூரணம் வைத்த மாவுப் பண்டத்துக்குள் இறைச்சி. ஷ்பெட்ஸ்லே என்ற இந்த ஊர் நூடுல்ஸ் மாவிலும் முட்டை. பிரெட்சல் என்ற முடிச்சு வடிவ ரொட்டியில்கூடச் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதால் கேட்டு வாங்குங்கள். ஐயாவுக்குப் பயமின்றிக் கொடுக்கக்கூடியவை சர்க்கரைப் பாகில் வறுத்த வாதுமையும் அவித்த சோளமும்தான். வயிற்றுக்குத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போய், திடலுக்குள் நுழையுமுன் நெக்கர் ஆற்றங்கரையில் இருந்து சாப்பிடுவது உத்தமம்.

இன்னொன்று. கலங்கிய மஞ்சள் நிறத்தில் “புது வைன்” என்று விற்பதைப் பழச்சாறு என்று பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். வந்த புதிதில் நான் அப்படித்தான் ஒரு போத்தல் வாங்கிப் பையில் சரித்து வைத்தேன். அது புளித்துக்கொண்டே இருக்கும் சாராயம். வாயு வெளியேறுவதற்காக மூடியை இறுக்காமலே விற்பார்களாம். விற்றவர் சொல்லத்தான் செய்தார், எனக்குத்தான் விளங்கவில்லை. ரயிலில் என் பையும் பக்கத்தில் இருந்த அம்மையாரின் சப்பாத்தும் நனைந்து, அந்தப் பெட்டி முழுவதும் கள்ளுத் தவறணை போல மணத்தது.

பதில் 3: பரங்கிப்பிரியன்

ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தால் பக்கத்து ஊரான லுட்விக்ஸ்பர்க்கின் அரண்மனைத் தோட்டத்துக்குப் போங்கள். 2000 முதல் ஆண்டுதோறும் பூசணிக் கண்காட்சி நடக்கிறது; லட்சக்கணக்கான காய்களை அடுக்கி யானையும் மயிலுமாக உருவங்கள் செய்திருப்பார்கள். அதே தோட்டத்தில் தேவதைக் கதைப் பூங்காவும் இருப்பதால் சின்னக் குழந்தைக்கும் பொழுது போகும்.

ஓர் எச்சரிக்கை: அழகுக்காக விற்கும் சின்னஞ்சிறு பூசணிகளைச் சமைக்கக் கூடாது. அவற்றில் உள்ள குகுர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. சமையல் பூசணியே ஆனாலும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் தூர எறியுங்கள்.

காவிரிக்கரையாள்

அனைவருக்கும் நன்றி. புதன்கிழமை போய்வந்தோம். எரிமலைக் கதையை என் மகளே தாத்தாவுக்குச் சொன்னாள். தூணடியில் கழுத்து வலிக்க நின்றுகொண்டிருந்தவர், “அந்த வருஷம் நம்ம பக்கம் காவிரியில தண்ணி வந்துதோ என்னவோ” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஞாயிறன்று லுட்விக்ஸ்பர்க் போகிறோம். தாம் ஊர் திரும்பிய பிறகு நாங்கள் பொங்கல் கூட்டுக்கு வைத்துக்கொள்ள ஒரு பரங்கிக்காய் வாங்கித் தரவேண்டும் என்கிறார். தை வரை தாங்குமா?

பரங்கிப்பிரியன்

தாங்கும். மஸ்கட் வகையில் நன்கு முற்றியதாக, காம்பு ஒடியாததாகப் பார்த்து எடுங்கள். சூடேற்றாத உலர்ந்த அறையில், பழைய துணியை மடித்து அதன்மேல் வையுங்கள்; வெறும் தரையில் வைத்தால் அடிப்பக்கம் அழுகத் தொடங்கும். உறைபனி படும் பால்கனி உதவாது. காயைத் தூக்கும்போது காம்பைப் பிடித்துத் தூக்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.