புதுப்பிப்பு: பழைய 350 புல்லட், ரீபோர் செய்தபின் நீலப் புகை

போன மாதம் கேட்டிருந்தேன்: என் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு எஞ்சின்) புல்லட்டுக்கு லேத் பட்டறையில் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் போர் அடித்து (சிலிண்டர் துளையை அவ்வளவு பெரிதாகக் கடைந்து), கம்பெனி அல்லாத பிஸ்டன் போட்டேன். 300 கிலோமீட்டருக்குள் நீலப் புகை, அதாவது ஆயில் எரிகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) என்று பலர் சொன்னீர்கள். அதில் ஆட்டமே இல்லை. "பிஸ்டன் ரிங்கை மட்டும் போருக்குள் இறக்கி, மேலேயும் கீழேயும் அதன் வாய் இடைவெளியைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மேலே 0.35 மி.மீ., கீழே 0.60. வித்தியாசம் 0.25, அதை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தில் 0.08 மி.மீ. டேப்பர், அதாவது துளை கீழே அவ்வளவு அகலம். பட்டறைக்காரரிடம் காட்டினேன். "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார். எங்கே ஆவது!

சரி என்று வேறு பட்டறையில் 1 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போனேன். எதிர்பாராதது இங்கேதான். ஒரே அளவு அச்சிட்ட இரண்டு பிஸ்டன்களின் ஸ்கர்ட்டை (கீழ்ப்பக்கச் சுவரை) மைக்ரோமீட்டரில் பிடித்தால் 0.03 மி.மீ. வித்தியாசம். அதனால் ஒன்றைத் தேர்ந்து கையில் கொடுத்து, அதன் அளவுக்கே போர் அடித்து ஹோனிங் (உட்சுவரைத் தீட்டுவது) செய்யச் சொன்னேன்.

இப்போது 900 கிலோமீட்டர். புகை இல்லை. டாப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் மட்டும் இருக்கிறது. அது வண்டியோடு பிறந்தது.