அடர்காட்டில் கூகரை (மலைச்சிங்கத்தை) அழைத்தபோது: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

பெரணிக்காடு (வாஷிங்டன், கேஸ்கேட் மேற்குச் சரிவு)

ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். டிசம்பர் மாதம். மரம் வெட்டி ஏழெட்டு வருடமான வெளியும் வெட்டாத ஹெம்லாக் காடும் சந்திக்கிற ஓரம். ஆண் கூகர் பின்னங்காலால் பறண்டிக் கூட்டிய ஊசியிலைக் குவியல்கள் வரிசையாகக் கிடந்தன. ஆண் சுற்றுகிற இடம் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். முதுகுக்கு ஒரு பெரிய சிடார், மடியில் ரைஃபிள், கையில் ஊதுகுழல். கூகரை வரவழைக்க, மான்குட்டி மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி இடைவெளி விட்டு ஊதினேன்.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு டக்ளஸ் அணில் கத்த ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. சத்தம் என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. தலையை மெதுவாகத் திருப்பினேன். முதலில் கண்ணில் பட்டது பூனை இல்லை, கறுப்பான வால்நுனி மட்டும். பெரணிக்கு நடுவே அது மேலே எழும்பித் தணிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை நகர்த்தினால் இடுப்பு, தோள், விழுந்த மரத்தின் மேல் தாடை பதித்த முகம். பதினைந்து தப்படி இருக்கும்.

அது என் முகத்தைப் பார்க்கவில்லை. குழல் வைத்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் விரலை அசைத்தேன், அதன் கண்மணியும் கூடவே அசைந்தது.

சுட்டிருக்கலாம். ஆணா பெண்ணா தெரியவில்லை, பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. எழுந்து நின்றேன். அது ஓடவில்லை, திரும்பி நடந்தே போனது. அது மறைந்த பிறகு மேலே இருந்து ஒரு விசில். பறவையா, குட்டியா? மேலே போய்ப் பார்த்தேன். அடர்ந்த மரங்களுக்குக் கீழே பனியே விழுந்திருக்கவில்லை, தடம் எதுவும் இல்லை. அந்த விசிலை யாராவது கேட்டிருக்கிறீர்களா?

கடலோர மலை (ஓரிகன்)

நண்பரே, விசிலை விடுங்கள். அடர்காட்டில் தனியாளாக, குழலைக் கையில் வைத்து ஊதவே கூடாது. சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கூகர் வரும், கொயோட்டி (ஓநாய் இனத்துச் சின்ன மிருகம்) மாதிரி ஓடி வராது. ஒவ்வொரு மறைவாகப் பதுங்கி, நின்று பார்த்து, மறுபடி நகரும். அதனால்தான் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்பது. நடுவில் நீண்ட நேரம் நிறுத்தினால் அதற்கு ஆர்வம் போய்விடும். ஊதுகிறவர் பின்னால், சுடுகிறவர் முப்பது தப்படி முன்னால். நடுவில் ஒரு கிளையில் நூல் கட்டி வான்கோழி இறகு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பூனை இனத்துக்கு மூக்கை விட கண்ணும் காதும்தான் பெரிது. இறகு லேசாக ஆடினால் போதும், பார்வை அதிலேயே ஒட்டிக்கொள்ளும், உங்கள் விரலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. சாலால் புதர் தொடை உயரம் வளர்ந்த இடத்தில் உட்கார்ந்து பயனே இல்லை. பழைய மரவண்டிப் பாதை, ஓடையைக் கடக்கிற விழுந்த மரம், பாறை விளிம்பு, இப்படிக் கொஞ்சமாவது கண் போகிற இடமாகப் பாருங்கள். ஜே பறவை, அண்டங்காக்கை, அணில் எது கத்தினாலும் அசையாமல் இருங்கள்.

எங்களுக்கு நடந்தது சின்ன விஷயம்தான். நானும் மச்சானும் இப்படி உட்கார்ந்திருந்தபோது கூகர் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து, இறகை முன்னங்காலால் ஒரு தட்டு தட்டியது. இருவருமே சுடவில்லை.

கூட்டனே வேட்டை (பிரிட்டிஷ் கொலம்பியா)

அண்ணை, நீங்கள் ஏன் சுடவில்லை என்பதையும் எழுதியிருக்கலாம். சுடுகிறவருக்கு நேரே பின்னால் மச்சான், நடுவில் மிருகம். திரும்பிச் சுட்டிருந்தால் குண்டு எங்கே போயிருக்கும்? இரண்டு பேர் போனால் ஒரே மரத்தில் முதுகோடு முதுகாக இருங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். முப்பது தப்படி இடைவெளியை அடர்காட்டில் யாரும் செய்ய வேண்டாம்.

எனக்கு அழைத்துப் பழக்கமில்லை. நான் நாயோடு போகிறவன், இங்கே அது சட்டப்படி சரி. ஒரு காலை புதுப் பனியில் தடம் கிடைத்தது, நாய்களை விட்டோம். இரண்டு பள்ளம் தாண்டி மரத்தில் ஏற்றிவிட்டன. கீழே நின்று வடிவாகப் பார்க்க நேரம் இருந்தது. வாலுக்குக் கீழே நாலைந்து அங்குலம் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஆண், அது இல்லாவிட்டால் பெண். எங்கள் கூகருக்கு இல்லை. நாய்களைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். அது கிளையில் படுத்தபடி எங்களைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது, கோபமே இல்லை.

ஓரிகன் 1994-இலும் வாஷிங்டன் 1996-இலும் வாக்கெடுப்பு வைத்து, நாய்களை விட்டுக் கூகரை வேட்டையாடுவதைத் தடை செய்தன. ஆணா பெண்ணா என்று நின்று பார்க்கிற வாய்ப்பு அதோடு போய்விட்டது. பெரணிக்காடு தம்பிக்கு வந்த சிக்கலே அதுதான். தடைக்குப் பிறகு டேக்கை (ஒரு கூகரைச் சுட வாங்கும் அனுமதிச் சீட்டை) மலிவாக்கி, பருவத்தை நீட்டி, நிறையப் பேருக்கு விற்றார்கள். மானுக்குப் போகிறவனும் சட்டைப்பையில் ஒரு கூகர் டேக் வைத்திருக்கிறான். கண்ணில் பட்ட அரை நிமிடத்தில் சுடுகிறவனுக்குப் பெண் எது, ஆண் எது?

ஒலிம்பிக் ஈரம் (வாஷிங்டன்)

நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் உங்களைப் போல் கட்டிக்கொண்டு இறங்குவதில்லை. தாய் மரத்தில் ஏறிவிட்டால் தரையில் இருக்கிற குட்டியை நாய்கள் பிடித்துவிடும். எங்கள் பக்கம் அப்படி நடந்து, செத்த குட்டியை நானே பார்த்திருக்கிறேன். வாக்களித்தவர்களுக்குக் காடு தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கலிபோர்னியா 1990-இல் கூகர் வேட்டையையே நிறுத்தியது. 2024 நவம்பரில் கொலராடோவில் அதே மாதிரி கேள்வி வந்தபோது மக்கள் தடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கமும் வாக்களித்தவர்கள் யோசித்துத்தான் போட்டிருப்பார்கள்.

பெரணிக்காடு, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். புள்ளியுள்ள குட்டியையும், அதோடு இருக்கிற தாயையும் சுடக்கூடாது என்பது நம் சட்டம். ஆனால் குட்டிகளின் புள்ளி சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும், தாயோடு ஒன்றரை வருடம் வரை சுற்றும். தாய் இரை தேடப் போகும்போது குட்டிகளை ஒரு மறைவில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போவாள். ஆகவே தனியாக வந்தது என்பதற்காகக் குட்டி இல்லை என்று ஆகிவிடாது. ஆண் குவியல் போட்ட ஓரத்தில் பெண்ணும் நடமாடும். நீங்கள் செய்ததுதான் சரி.

விசிலைப் பற்றி: ஹோ ஆற்றுப் பக்கம் ஒரு மாலை நான் குட்டிகளைக் கேட்டேன். உயர்ந்த, குட்டையான கீச்சொலி, பறவை என்றுதான் முதலில் நினைத்தேன். கூகரால் சிங்கம் மாதிரி கர்ஜிக்க முடியாது, விசில், உறுமல், இணை தேடும் காலத்து அலறல், இவைதான் அதன் பேச்சு. புதருக்குள்ளிருந்து தாயும் அதே மாதிரி பதில் கொடுத்தாள். நம் காட்டில் குழப்புகிற பறவை ஒன்று உண்டு, வேரீட் த்ரஷ். அது ஒரே சுருதியில் நீளமாக இழுக்கும், நிறுத்தும், வேறு சுருதியில் மறுபடி இழுக்கும். உங்களுடையது நீண்டதா, குட்டையா?

நார்த் பெண்ட் வாசி

நான் வேட்டைக்காரன் இல்லை, மலை ஏறுகிறவன். 2018 மே மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்தில் சைக்கிளில் போன ஒருவரைக் கூகர் கொன்றது. வாஷிங்டனில் 1924-க்குப் பிறகு அதுதான் முதல் மரணம், அவ்வளவு அபூர்வம். ஆனாலும் மான்குட்டி மாதிரி கத்திக்கொண்டு காட்டில் உட்காருகிறவர் தன்னைத்தானே இரையாகக் காட்டிக்கொள்கிறார், அதை மறக்க வேண்டாம். முதுகுக்கு மரம் வைத்தது நல்லது. எதிரே வந்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், கண்ணை எடுக்காதீர்கள், கையைத் தூக்கிச் சத்தம் போடுங்கள். பாய்ந்தால் கையில் கிடைத்ததை வைத்துத் திருப்பி அடியுங்கள். எனக்கு நடந்தது இவ்வளவுதான்: பனியில் போன வழியே திரும்பி வரும்போது என் பூட்ஸ் தடத்தின் மேலேயே அதன் தடம் பதிந்திருந்தது, நகம் இல்லாமல், உள்ளங்கால் மெத்தையில் மூன்று மடிப்போடு. எவ்வளவு தூரம் கூட வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

பெரணிக்காடு

ஒலிம்பிக் ஈரம், நன்றி அண்ணா. குட்டைதான். இரண்டு முறை, இழுக்கவே இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. கூட்டனே அண்ணை, நாயோடு போவதைப் பற்றி உங்களோடு எனக்கு வாதம் இல்லை, ஆனால் பெரணிக்குள் அந்தக் கறுப்புப் புள்ளியை யாராலும் பார்க்க முடியாது. மேலே ஹெம்லாக் ஓரத்தில் இரண்டு கேமரா கட்டுகிறேன். குட்டி தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன். அந்தச் சரிவில் இந்தப் பருவம் முழுக்க ஊத மாட்டேன், இடத்தைத் தெரிந்த மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டேன்.